இழுக்கத் தெரிந்த வக்கீல்

அந்த அப்பீலில் வாய்தா கேட்க நான் சொன்ன காரணங்கள்: காய்ச்சல், நெருங்கிய உறவில் சாவு, கட்சிக்காரர் ஊரில் இல்லை, சீனியர் வேறு கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறார், சமரசம் பேசுகிறோம், கடைசியில் வெள்ளம். இவற்றில் சில உண்மையும்கூட. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த காரணம் ஒன்றுதான். வழக்குக் கட்டை நான் படிக்கவில்லை.

அசல் வழக்கு என்றால் வாய்தா கேட்க நியாயம் இருக்கலாம். சாட்சி வரமாட்டார், ஆவணத்தின் நகல் பதிவு அலுவலகத்திலிருந்து வந்திருக்காது, கமிஷனர் இடத்தைப் பார்த்து அறிக்கை தந்திருக்க மாட்டார். அப்பீலில் அந்தப் பேச்சே இல்லை. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி இறக்கியாகிவிட்டது, ஆவணங்களுக்கு எண் போட்டாகிவிட்டது, தீர்ப்பு டைப் செய்து கையில் இருக்கிறது. அப்பீல் காரணங்களையும் நானேதான் எழுதித் தாக்கல் செய்திருக்கிறேன். எழுந்து நின்று பேச வேண்டியது மட்டும்தான் பாக்கி. சரியாகச் சொன்னால் அந்தக் காரணங்களைக்கூட நான் எழுதவில்லை. 'தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்தின் எடைக்கும் வழக்கின் சாத்தியங்களுக்கும் முரணானது' என்று ஆரம்பிக்கும் பழைய அப்பீல் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. பெயரையும் தேதியையும் மாற்றினேன்.

என் அலுவலகம் ராயபுரம் கல்மண்டபம் பக்கம், மாடியில். கட்சிக்காரர் காசிமேட்டு விசைப்படகுகளுக்கு இன்ஜின் வேலை, ஷாஃப்ட் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்காரர். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காலி மனையை அவருடைய அப்பா வாடகைக்குப் பிடித்து, தகரக் கொட்டகை போட்டு ஆரம்பித்த பட்டறை அது. மனைக்குச் சொந்தக்காரர் திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு மனைவி பெயருக்கு வந்தது. அந்த அம்மா எர்ணாவூரில் மகள் வீட்டில் இருந்தார். காலி செய்யச் சொல்லி அவர் போட்ட வழக்கில் அவருக்கே தீர்ப்பானது. உதவி நீதிபதி தந்த அந்தத் தீர்ப்பின் மேல் சிட்டி சிவில் கோர்ட்டிலேயே கூடுதல் நீதிபதி முன்பு அப்பீல்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. 1921ஆம் ஆண்டின் நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அடுத்தவர் மனையை வாடகைக்கு எடுத்து அதில் சொந்தச் செலவில் கட்டடம் எழுப்பியவரை வெறுங்கையோடு வெளியே அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். அதிலும் 9ஆம் பிரிவு அதிசயமானது. வெளியேற்ற வழக்கு வந்தால், 'இந்த மனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள்' என்று வாடகைதாரர் கோர்ட்டைக் கேட்கலாம். அவருக்கு எவ்வளவு இடம் தேவை என்று கோர்ட் தீர்மானிக்கும். முந்தைய 3 ஆண்டுச் சந்தை மதிப்பின் சராசரிதான் விலை. வடசென்னையில் எத்தனையோ பட்டறைகளும் கடைகளும் இந்தப் பிரிவால்தான் பிழைத்தன. முக்கியமான நிபந்தனை, சென்னை நகரத்தில் அந்த வாடகை உறவு 1980 திருத்தத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

கீழ்க்கோர்ட்டில் வேறொரு வக்கீல் 9ஆம் பிரிவு மனுவைக் காலத்தில் போட்டிருந்தார். தோற்றதற்குக் காரணம், கையில் இருந்த ஒரே எழுத்து 1986ஆம் வருஷத்து ஒப்பந்தம். 'எங்கப்பா அதுக்கு ரொம்ப முன்னாடியே அங்கதான்' என்று கட்சிக்காரர் கூண்டில் ஏறிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. மனுவும் தள்ளுபடி, வழக்கும் எதிராக. இரண்டின் மேலும் அப்பீல் போட்டு, மாதா மாதம் வாடகையைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தடையும் வாங்கிவிட்டேன். அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தனியாகத் தடை வாங்கினால்தான் அமீனா வரமாட்டார். தடை கிடைத்தவுடன் அப்பீல்தாரருக்கு அவசரம் போய்விடும், அவருடைய வக்கீலுக்கும்தான்.

வக்காலத்தில் கையெழுத்துப் போட வந்த அன்று கட்சிக்காரர் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்தார். "அப்பாவோட பொட்டில கெடந்துச்சு சார். எதுனா ஒதவுமா பாருங்க" என்றார். பார்க்கிறேன் என்று குமாஸ்தாவிடம் கொடுத்தேன். அவர் அலமாரி மேல் வைத்தார். பை அங்கேயே இருந்தது.

வாய்தா வாங்குவதற்கு ஒரு சபை நடைமுறை இருக்கிறது. காலையில் அழைப்பு வேலை. டவாலி வழக்கு எண்ணைக் கூப்பிடுவார், ஜூனியர் எழுந்து சொல்வார். நீதிபதி முகம் சுளித்தால் 'பாஸ் ஓவர்' கேட்பார். அதாவது கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள். மறுபடி கூப்பிடும்போது நீதிபதி சாட்சி விசாரணையில் களைத்திருப்பார், தேதி கிடைக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் எதிர்க்க மாட்டார், அடுத்த வாரம் அவருக்கு நான் எதிர்க்காமல் இருக்க வேண்டும். இதை நாங்கள் மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த மரியாதையில் இரண்டு தரப்புக் கட்சிக்காரர்களுக்கும் இடம் கிடையாது.

சட்டம் தெரியாமல் இதைச் செய்தேன் என்று சொல்ல முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளை, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு 3 வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது. 1999இல் திருத்தம் வந்து 2002 ஜூலை முதல் அமல். வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது ஒரு காரணமே ஆகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அப்பீல் கோர்ட்டுக்கும் அதே அதிகாரமும் கடமையும் 107ஆம் பிரிவு வழியாக வருகின்றன. இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். 2005 ஆகஸ்டில் தீர்ப்பு. 3 என்ற வரம்பு செல்லும் என்றார்கள். ஆனால் மிக அசாதாரணமான நேரங்களில் அதைத் தாண்டலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன உதாரணங்கள் போபால் விஷவாயு, குஜராத் நிலநடுக்கம், சுனாமி. சுனாமி வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2011இல் சிவ் கோடெக்ஸ் வழக்கில் நீதிபதி லோதா இன்னும் வெளிப்படையாகவே எங்களைக் கடிந்துகொண்டார். கேட்பதும் கொடுப்பதும் பழக்கமாகிவிட்டது என்றார். திடீர் நோய், வீட்டில் மரணம், வெள்ளம் போன்றவைதான் தவிர்க்க முடியாத காரணம் என்று வரையறுத்தார். இவற்றையெல்லாம் ஜூனியர்களுக்கு நான் பாடமே எடுத்திருக்கிறேன். கடலில் வீட்டையும் ஆளையும் இழந்தவர்களுக்காகத் திறந்த கதவில், படிக்காத கட்டைத் தூக்கிக்கொண்டு நான் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஏன் படிக்கவில்லை? வேலைப்பளு என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். பளு இருந்ததும் உண்மை. ஆனால் கிரிமினல் பெயில் மனுவை ராத்திரி உட்கார்ந்து படிப்பேன். அதில் மறுநாளே பலன், மறுநாளே பணம். சிவில் அப்பீல் கட்டு தடிமனானது. பழைய வாக்குமூலங்களின் நகல், மங்கின ஜெராக்ஸ், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தது. பிரித்தால் ஒரு முழு நாள் போகும். பிரிக்காத ஒவ்வொரு மாதமும் பிரிப்பது இன்னும் கஷ்டமானது. படித்தால் கேஸில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. தெரிந்துவிட்டால் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் ஃபீஸ் நிற்கும். படிக்காத வரைக்கும் நம்பிக்கையோடு பேசலாம்.

அந்தப் பேச்சுதான் என் பெரிய குற்றம் என்று நினைக்கிறேன். "இன்னா சார், எப்போ வரும் கேஸு?" என்று அவர் கேட்பார். "வராம பாத்துக்கறதுக்குத்தானப்பா என்கிட்ட வந்திருக்க" என்பேன். அவர் சிரிப்பார். எனக்குக் கட்டைப் பிரிக்கச் சோம்பல், அதை அவருக்கு வியூகமாக விற்றேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஜூனியர் செலவு, குமாஸ்தா செலவு என்று அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார், சந்தோஷமாக.

2020 மார்ச்சில் கோர்ட்டுகள் மூடின. அப்புறம் வீடியோவில் நடந்தன. கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். வேறு வழக்குகளுக்கு வீடியோவில் ஆஜராகும்போது முகம் கேமராவுக்கு நேராக வர வேண்டும் என்று லேப்டாப்புக்கு அடியில் எதையாவது வைப்பேன். இந்த அப்பீல் கட்டு அதற்குச் சரியான உயரமாக இருந்தது.

ஒரு தடவை அப்பீலே போய்விட்டது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நின்ற ஒரு காலை, ஜூனியர் அதில் மாட்டிக்கொண்டார். அப்பீல்தாரர் தரப்பில் யாருமில்லை, தள்ளுபடி. நான் கவலைப்படவில்லை. 41ஆம் கட்டளை 17ஆம் விதிப்படி ஆஜராகாததற்காகத் தள்ளுபடி செய்யலாம், ஆனால் வழக்கின் தன்மைக்குள் போகக் கூடாது. 19ஆம் விதிப்படி மனுப் போட்டால் திரும்பக் கோப்பில் எடுப்பார்கள். அப்போது நாங்கள் எல்லோரும் எடுத்துக் காட்டும் தீர்ப்பு ஒன்று உண்டு. 1981, ரஃபீக் எதிர் முன்ஷிலால். வக்கீல் வராமல் போனதால் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு கிராமத்துக்காரரின் அப்பீல் தள்ளுபடியானது. வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. வராத வக்கீலிடமிருந்து 200 ரூபாய் செலவுத்தொகை வசூலிக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். அந்தப் பகுதியை நாங்கள் வாசித்துக் காட்டுவதில்லை. என் மனுவும் அனுமதிக்கப்பட்டது.

அப்பீலில் கட்சிக்காரர்கள் வர வேண்டிய கட்டாயமில்லை. என் கட்சிக்காரர் வந்ததே இல்லை. அந்த அம்மா வருவார். எர்ணாவூரிலிருந்து பஸ் பிடித்துப் பாரிமுனையில் இறங்கி, உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நடந்துவந்து, கோர்ட் ஹாலின் கடைசி பெஞ்சில் உட்காருவார். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பார். தேதி சொன்னதும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு ஒரு சின்ன டைரியில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, முகத்துவாரம் வரை பரவியது. எண்ணூர்க் குப்பங்களில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கருப்பு அப்பிக்கொண்டது. அந்த மாதம் நடுவில் எங்கள் அப்பீல் இறுதி வாதத்துக்கு வந்தது. புது நீதிபதி. கண்டிப்பானவர் என்று பேர். ஜூனியரை அனுப்பாமல் நானே போனேன். "வெள்ளத்தில் அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்து கட்டு நனைந்துவிட்டது" என்றேன். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது நிஜம். ஆனால் நான் இருப்பது மாடியில். கட்டு உலர்ந்து, தூசி படிந்து, பத்திரமாக இருந்தது. 'இதுவே கடைசி வாய்ப்பு' என்று எழுதி ஜனவரிக்குப் போட்டார் நீதிபதி.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா நின்றிருந்தார். புடவைக் கரையில் ஒரு சாண் உயரத்துக்குக் கருப்பு. பாதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் இறங்கி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த இடம் சிவந்திருந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகத் தோன்றியது. அவரே கூப்பிட்டார். "ஒங்க ஆபீஸ்லயும் தண்ணி பூந்துருச்சா சார்? ஐய, எல்லார் பேப்பரும் ஊறிப்பூட்டா இன்னா பண்ணுவீங்க? வெயில்ல வெச்சிப் பிரிச்சிப் பிரிச்சிக் காய வெய்ங்க சார். நாங்க பட்டாவ அப்பிடித்தான் வெச்சிருக்கோம்." நான் "சரிம்மா" என்றேன்.

பொங்கல் லீவில் கட்டைப் பிரித்தேன். தீர்ப்பைப் படித்து முடித்ததுமே முழுப் பிரச்சினையும் ஒரு வருஷக் கணக்கில் நிற்கிறது என்று தெரிந்தது. 1980க்கு முன்னால் ஒரு காகிதம் இருந்தால் போதும். குமாஸ்தாவைக் கூப்பிட்டு அலமாரி மேலிருந்து பையை இறக்கச் சொன்னேன். உள்ளே ரேஷன் கார்டு, படகுக்காரர்களின் பழைய பில் புத்தகங்கள், ஒரு கல்யாணப் பத்திரிகை. அதற்கு நடுவில் மின்சார வாரியத்துக்கு எழுதிய கடிதம் ஒன்றின் நகல். தன் காலி மனையில் வாடகைக்கு இருக்கும் இன்னார் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருப்பதாகவும், அவர் பெயரில் மின் இணைப்புத் தரத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் மனைக்காரர் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். 1976ஆம் வருஷத் தேதி. பின்னாலேயே இணைப்புக்குப் பணம் கட்டிய ரசீதும் குத்தியிருந்தது.

அப்பீலில் புது ஆவணம் கொடுக்க வழி இருக்கிறது, 41ஆம் கட்டளை 27ஆம் விதி. உரிய கவனத்தோடு தேடியும் கீழ்க்கோர்ட் நேரத்தில் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அல்லது தீர்ப்புச் சொல்ல அந்த ஆவணம் தேவை என்று கோர்ட்டே கருத வேண்டும். அபிடவிட் எழுத உட்கார்ந்தேன். உண்மையை எழுதினால் இப்படி இருக்கும்: கட்சிக்காரர் அப்பீல் போட்ட அன்றே பையைக் கொடுத்தார், வக்கீல் திறந்து பார்க்கவில்லை, தவறு முழுக்க வக்கீலுடையது. அப்படி எழுதி, என் அபிடவிட்டையும் சேர்த்துக் கொடுத்து, அதே ரஃபீக் தீர்ப்பைக் காட்டியிருந்தால் நீதிபதி யோசித்திருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன். ஜூனியர் வராமல் போனதற்கு அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்ட நான், என் பெயரே எழுத்தில் வர வேண்டிய இடத்தில் அதைத் தொடவில்லை. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது தன் அப்பாவின் பெட்டியில் தற்செயலாகக் கிடைத்ததாகக் கட்சிக்காரர் சத்தியம் செய்வது போல் எழுதினேன். அவர் தமிழில் கையெழுத்துப் போடுவார். ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துக் காட்டவும் இல்லை.

நீதிபதி கேட்டது நியாயமான கேள்வி. "கீழ்க்கோர்ட்டில் அத்தனை வருஷம், இங்கே இத்தனை வாய்தா. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டைச் சுத்தம் செய்யவில்லையா?" ஹாலில் சிரித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கையெழுத்தே சந்தேகத்துக்குரியது என்றார். வழக்கை இழுக்கக் கடைசி நேரத்தில் போட்ட மனு என்று அதைத் தள்ளுபடி செய்தார் நீதிபதி. அப்பீலும் தள்ளுபடி. மனுவில் இருந்த காரணத்தை மட்டும் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

வராந்தாவில் அந்த அம்மா கடிதத்தின் நகலைத் தன் வக்கீலிடமிருந்து வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாண்டிப்போகும்போது சொன்னார்: "இது அவுரு கையெழுத்துதான் சார். எனக்குத் தெரியாதா? இத்த மொதல்லயே காட்டியிருந்தா நான் ஏன் சார் கோர்ட்டுக்கு வர்றேன்? ஒரு வெலைய பேசிக் குடுத்துட்டு என் பொண்ணு கடன அடைச்சிருப்பேனே." அவருடைய வக்கீல், என் நண்பர்தான், அவரை அவசரமாக அழைத்துக்கொண்டு போனார். சமரச மையம் 2005இலிருந்து அதே வளாகத்தில் இருக்கிறது. 'சமரசம் பேசுகிறோம்' என்று சொல்லி வாய்தா வாங்கிய நாட்களில்கூட நான் அந்தப் பக்கம் போனதில்லை.

இரண்டாம் அப்பீல் உயர் நீதிமன்றத்தில் போடலாம். மனுவைத் தள்ளியது சரியா என்பதையே ஒரு சட்டப் பிரச்சினையாக எழுப்பியிருக்க முடியும். ஆனால் அங்கே வேறு வக்கீல் வைக்க வேண்டிவரும். அவர் முதலில் கேட்கும் கேள்வி, இந்தக் கடிதம் எப்போது கிடைத்தது என்பதாகத்தான் இருக்கும். "செலவுதான் ஆகும், பலன் இருக்காது" என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பினார். அவகாசம் வாங்கிக்கொண்டு பட்டறையைக் காலி செய்து, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் கூடுதல் வாடகைக்குப் போனார். லேத்தை இறக்கும்போது படுகை விரிசல் விட்டது என்று கேள்வி.

பையில் என்ன இருந்தது என்று அவருக்கு இதுவரை நான் சொல்லவில்லை. கடிதத்தை அவர் பார்த்தார், ஆனால் அதன் எடை அவருக்குத் தெரியாது. தான் கொடுத்த பையிலிருந்துதான் அது வந்தது என்பதையும் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அல்லது யோசித்துவிட்டு மரியாதைக்குக் கேட்காமல் இருக்கிறார். தோற்ற பிறகும் ஒருநாள் காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கி அனுப்பினார். "அஞ்சு வருசம் இழுத்துக் குடுத்தீங்களே சார், வேற எவன் செய்வான்?" என்று போனில் சொன்னார்.

அதை அவர் ஊரெல்லாம் சொல்லியும் இருக்கிறார். போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் காலி செய்யச் சொல்லும் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "லேத்துக்காரரு அனுப்புனாரு சார். ஒங்கள மாதிரி இழுக்க ஆள் இல்லேன்னாரு." தீர்ப்பை மேசை மேல் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.